ஒரு கட்டையைத் தொட்டால் இரண்டு கட்டை

காற்றுக் கோபுரங்கள் – 9

ஹாம்பர்க் நகரத்தின் புனித யாக்கோபு ஆலயத்து மேற்கு மாடத்தில் முதல்முறை உட்காரும் ஆர்கன் கலைஞருக்கு முதல் அதிர்ச்சி காது வழியாகத்தான் வருகிறது. கை வழக்கம்போல 'சி'யைத் தொடுகிறது. கேட்பதோ 'டி'. நம் ஊர்ப் பாடகர் பாஷையில் சொன்னால், ஒரு கட்டையைத் தொட்டால் இரண்டு கட்டை சுருதி பேசுகிறது. வாத்தியத்தில் பழுது ஒன்றும் இல்லை. இன்றைக்கு உலகம் முழுக்க 'ஏ' ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஆர்ப் ஷ்னிட்கர் 1693-ல் கட்டி முடித்த இந்த ஆர்கனில் அது சுமார் 495. கிட்டத்தட்ட முழு ஸ்வரம் ஒன்று தூக்கல். சுருதி ஞானம் கூர்மையாக உள்ளவர்களுக்குத்தான் அவஸ்தை அதிகம்: கண் தாளில் ஒன்றைப் படிக்கிறது, காது வேறொன்றைக் கேட்கிறது, நடுவில் விரல் தவிக்கிறது.

அந்தக் காலத்து ஜெர்மனியில் ஆலயத்துக்கு ஒரு சுருதி, அரண்மனைக் கூடத்துக்கு வேறொரு சுருதி. ஆலயச் சுருதிதான் உயரம். பின்னாளில் லைப்சிக்கில் வேலை பார்த்த பாஹ், தன் கன்டாட்டாக்களில் ஆர்கன்காரருக்குரிய தாளை மட்டும் ஒரு ஸ்வரம் இறக்கி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வயலின்காரர் முன்னால் இருக்கும் தாள் ஒன்று சொல்லும், ஆர்கன்காரர் முன்னால் இருப்பது வேறொன்று சொல்லும். கேட்பவர் காதில் இரண்டும் சேர்ந்தே விழும்.

சுருதி எப்படியோ பழகிவிடும். மற்றவைதான் லேசில் பழகாது.

சென்ற வாரம், இருபது வயது பாஹ் 1705-ல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் நடந்து, ஆர்கன் கலைஞர் பூக்ஸ்டஹூடெயைக் கேட்க லூபெக்குக்குப் போன கதையைப் பார்த்தோம். இந்த வாரம் லூபெக்கிலிருந்து தென்மேற்கே வெறும் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். பாஹுக்கு இப்போது வயது முப்பத்தைந்து. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் வாத்தியத்தைத் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆர்கன் என்றால் பெரிய ஹார்மோனியம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. துருத்தி, கட்டை, காற்று மூன்றும் இரண்டிலும் உண்டுதான். ஆனால் ஹார்மோனியத்தில் பேசுவதெல்லாம் பித்தளை நாக்கு. ஆர்கனில் பெரும்பாலான குழல்கள் புல்லாங்குழல் சாதி, விளிம்பில் காற்று மோதிப் பேசுபவை. நாக்கு வைத்த குழல்களும் உண்டு. எக்காளம் போலக் கம்பீரமாகக் கத்துபவை அவைதான். யாக்கோபு ஆலயத்தில் இப்படி 60 குழல் வரிசைகள், கைக்கு நான்கு கீபோர்டு, காலுக்கு ஒன்று, சிறிதும் பெரிதுமாகச் சுமார் 4,000 குழல்கள். ஷ்னிட்கர் கட்டியவற்றில் இன்று மிஞ்சியிருப்பதில் இதைவிடப் பெரியது கிடையாது. இதே ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் 1687-ல் 67 வரிசைகளோடு அவர் கட்டிய ஆர்கன் இருந்தது. 1842-ல் ஹாம்பர்க்கைத் தின்ற பெருந்தீ அதையும் தின்றுவிட்டது.

வரிசைகளுக்குப் பெயர் வைப்பதில் ஓர் ஆசாரித்தனமான எளிமை இருக்கிறது. 'எட்டடி' என்றால் அந்த வரிசையின் அடிமட்ட 'சி' குழல் ஏறத்தாழ எட்டடி நீளம். பதினாறடி ஒரு ஸ்தாயி கீழே, நாலடி ஒரு ஸ்தாயி மேலே, இரண்டடி அதற்கும் மேலே. 'மிக்சர்' என்று ஒன்று உண்டு. ஒரே கட்டையைத் தொட்டால் மேல் ஷட்ஜங்களும் பஞ்சமங்களும் ஒரு கொத்தாகச் சிலிர்த்துக்கொண்டு வரும். தனியாகக் கேட்டால் தகர டப்பாவைக் கீறுவது போல இருக்கும். அடியில் பதினாறடியும் எட்டடியும் சேர்ந்து நிற்கும்போதுதான் அது வெள்ளி முலாம் ஆகிறது. காலுக்கென்று 32 அடி வரிசையும் இருக்கிறது. அதன் அடிக்குழல் நொடிக்கு இருபதுக்கும் குறைவாகவே அதிர்கிறது. அதைக் காது கேட்பதற்கு முன் வயிறு கேட்டுவிடும்.

நான்கு கீபோர்டும் நான்கு தனித்தனி ஆர்கன் என்றே சொல்லலாம். ஒன்று தலைக்கு மேலே உள்ள பெரிய பெட்டிக்குப் போகிறது, ஒன்று அதற்கும் மேலே. ஒன்று வாசிப்பவரின் நெற்றிக்கு நேரே உள்ள சிறு பெட்டிக்கு. நான்காவதுதான் வேடிக்கை: அதன் குழல்கள் வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில் தொங்குகின்றன. கீழே உட்கார்ந்திருக்கும் சபைக்கு அதுதான் மிக அருகில். ஆக, வலக்கை முதுகுப் பெட்டியிலும் இடக்கை தலைக்கு மேலும் வாசிக்கும்போது, கேட்பவருக்கு ஒரு குரல் பக்கத்தில் பேசுகிறது, இன்னொன்று தூரத்திலிருந்து பதில் சொல்கிறது. வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டுக்கும் நடுவே. தான் எழுப்பும் ஒலியை மொத்தமாகக் கேட்க முடியாத இடத்தில் அமர்ந்து வாசிக்கிற தொழில் அது.

இனி விரல். கட்டைக்கும் காற்றறையின் கதவுக்கும் நடுவே மின்சாரம் ஏதும் கிடையாது. மெல்லிய மரச்சட்டங்களும் கம்பிகளும்தான். கதவை உள்ளிருந்து காற்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரல் அழுத்தினால் முதலில் ஒரு தடை, பிறகு சட்டென்று விடுகிறது. மல்லிகை மொட்டைக் காம்பிலிருந்து கிள்ளும்போது விரல் நுனியில் ஒரு 'தட்' தெரியுமே, அதே உணர்ச்சி. அந்தத் தட்டு எங்கே வருகிறது, அதை வேகமாகத் தாண்டுவதா மெதுவாகத் தாண்டுவதா என்பதில் குழல் வாய்திறக்கும் விதமே மாறும். விடுவதும் அப்படித்தான். பியானோவில் கட்டையை விட்டால் ஒலி ஓய்கிறது, அவ்வளவே. இங்கே கதவு மூடும் கணமும் காதில் விழுகிறது.

ஆனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. பியானோவிலிருந்து வருகிறவர்களைக் குப்புறத் தள்ளுவது இதுதான். ஒரு ஸ்வரத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அதை அழுத்தி வாசித்துப் பயனில்லை. அதற்கு முந்திய ஸ்வரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விட வேண்டும். அந்த இமைப்பொழுது மௌனம்தான் அடுத்து வருவதற்குக் கனம் கொடுக்கிறது. சமத்துக்கு முன் ஒரு கடுகளவு இடம் விடத் தெரிந்த மிருதங்கக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெரிய ஆலயத்தில் இன்னொரு சிக்கல்: எதிரொலி ஓயும் முன் அடுத்த ஸ்வரம் வந்துவிட்டால் எல்லாம் கூழாகிவிடும். ஆகவே மௌனத்தின் அளவைக் கட்டடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

பரோக் காலத்தின் விரல் வைப்பே வேறு. கட்டைவிரலைக் கீழே நுழைத்து ஸ்வர வரிசையை வழுக்கிக்கொண்டே போவது இன்றைய பியானோ மாணவரின் முதல் பாடம். அன்றைய ஆர்கன்காரர்கள் கட்டைவிரலை முடிந்தவரை ஒதுக்கியே வைத்தார்கள். வலக்கையில் ஏறும்போது நடுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்று ஒன்றையொன்று தாண்டிப் போகும். இப்படி வாசித்தால் ஸ்வரங்கள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டு தாமே ஒரு நடை நடக்கும். பாஹ் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீட்மனுக்காக 1720 ஜனவரியில் ஒரு பாடப் புத்தகம் தொடங்கினார். ஒன்பது வயதுப் பையன். அதன் தொடக்கத்தில் விரல் எண்கள் குறித்த ஒரு குட்டிப் பயிற்சி இருக்கிறது. அதில் இந்த நடுவிரல்–மோதிரவிரல் தாண்டலைக் காணலாம். அதே பாஹ்தான் கட்டைவிரலுக்குப் புதிய உரிமை கொடுத்தவர் என்று அவருடைய இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் எமானுவேல் எழுதிவைத்தார். அப்பாவின் இளமையில் பெரிய வித்துவான்கள் எட்டாத இடைவெளிக்கு மட்டுமே கட்டைவிரலை எடுத்தார்களாம். பழையதும் புதியதும் ஒரே கையில் குடியிருந்த காலம் அது.

காலுக்கும் இதே கதை. குதிகாலை ஊன்றி இழையிழையாக வாசிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய பழக்கம். இங்கே முன்பாதம்தான் வேலை செய்ய வேண்டும், இடது வலது இடது வலது என்று. வட ஜெர்மானியர்கள் காலுக்குத் துணைவேடம் கொடுக்கவில்லை. பூக்ஸ்டஹூடெயின் பிரலூடியங்கள் சிலவற்றில் கை இரண்டும் சும்மா இருக்க, கால் மட்டும் தனியாவர்த்தனம் செய்யும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வருவதற்கு முன் துருத்தியை ஆட்கள் மிதித்தார்கள். பயிற்சி செய்ய வேண்டுமென்றாலும் அவர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். குளிர்காலத்தில் ஆலயமோ பனிக்கட்டி. அதனால் பலர் வீட்டில் மிதிகட்டை பொருத்திய கிளாவிகார்டு ஒன்றை வைத்துச் சாதகம் செய்தார்கள். தட்பவெப்பம் வேறு விளையாடும்: வெப்பம் ஏற ஏறப் புல்லாங்குழல் சாதிக் குழல்களின் சுருதியும் ஏறுகிறது, நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. கச்சேரிக்கு முன் யாராவது ஒருவர் உள்ளே ஏறி நாக்குகளைத் தட்டித் தட்டிச் சேர்ப்பது இன்றும் நடக்கிறது. பாஹ் ஒரு புதிய ஆர்கனைச் சோதிக்கப் போனால் முதல் வேலையாகக் குழல் வரிசைகளைத் திறக்கும் எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டு முழு ஒலியில் வாசிப்பாராம். நுரையீரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்வாராம். கட்டிய ஆசாரிகளுக்கு அந்த நிமிஷம் முகம் வெளுத்துப்போகும் என்று மகன் எமானுவேல் எழுதிய கடிதத்திலிருந்து தெரிகிறது.

இனி 1720.

அந்த ஆண்டு ஜூலையில் பாஹின் மனைவி மரியா பார்பரா இறந்துபோனார். பாஹ் அப்போது தன் எஜமானர், கோத்தென் இளவரசருடன் கார்ல்ஸ்பாடில் இருந்தார். திரும்பி வந்து பார்த்தால் அடக்கமே முடிந்திருந்தது. வீட்டில் நான்கு குழந்தைகள். கோத்தென் அரசவை கால்வினிய மரபைச் சேர்ந்தது. அங்கே வழிபாட்டில் விஸ்தாரமான ஆர்கன் இசைக்கு இடமில்லை. செப்டம்பரில் ஹாம்பர்க் யாக்கோபு ஆலயத்தின் ஆர்கன் கலைஞர் ஹைன்ரிஹ் ஃப்ரீசெ காலமாகி, இடம் காலியானது. 60 வரிசை, நான்கு கீபோர்டு, 32 அடி. கோத்தெனில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆர்கன்காரருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

நவம்பரில் பாஹ் ஹாம்பர்க் வந்தார். ஆனால் அவர் பெயர் சொல்லும் கச்சேரி நடந்தது யாக்கோபு ஆலயத்தில் அல்ல, புனித காத்தரீன் ஆலயத்தில். 1754-ல் அச்சான அவருடைய இரங்கல் குறிப்பு அதை விவரிக்கிறது. நகரப் பெரியவர்கள் முன்னிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். கேட்டவர்களில் அந்த ஆலயத்தின் ஆர்கன் கலைஞர், முதியவர் யோஹான் ஆடம் ரைன்கென். சபையினர் கேட்டுக்கொண்டதன்பேரில் 'பாபிலோன் ஆறுகளின் கரையில்' என்ற சங்கீதப் பாடலை எடுத்து, ஏறக்குறைய அரை மணி நேரம் மனோதர்மமாக விரித்தார் பாஹ். முடிந்ததும் ரைன்கென், இந்தக் கலை செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன், உம்மிடம் அது உயிரோடிருக்கிறது என்ற பொருளில் பாராட்டினார். ரைன்கென் யாரையும் சுலபத்தில் பாராட்டாதவர் என்பதால் பாராட்டுக்கு இரட்டை மதிப்பு.

பாஹ் ஏன் அந்தப் பாடலை அவ்வளவு விரித்தார்? அதே பாடலை வைத்து நீண்ட ஃபேன்டசி ஒன்றை இளமையில் எழுதியவர் ரைன்கென்தான். 2005-ல் வைமாரின் அன்னா அமாலியா நூலகத்தில் பழைய கையெழுத்துத் தாள்களுக்கு நடுவே ஒரு படி அகப்பட்டது: ரைன்கெனின் அதே ஃபேன்டசி, 1700 என்ற ஆண்டு, லூனபர்க் என்ற ஊர், கையெழுத்து பதினைந்து வயது பாஹுடையது. பையனாக விளக்கு வெளிச்சத்தில் நகலெடுத்தாரோ என்னவோ, இருபது வருஷம் கழித்து அந்த மூலவரின் முன்னாலேயே உட்கார்ந்து அதே பாட்டை வாசிக்கிறார். நம் ஊரில் என்றால் இதைக் குருதட்சிணை என்போம். ஒரு பரம்பரையும் இதில் இருக்கிறது: ஆம்ஸ்டர்டாமின் ஸ்வேலிங்க், அவருடைய சீடர் ஹாம்பர்க் ஷைடெமான், அவருடைய சீடர் ரைன்கென். ஹாம்பர்க் ஆர்கன்காரர்களை உருவாக்கும் பட்டறை என்றே ஸ்வேலிங்கைச் சொன்னார்கள்.

சரி, வேலை? யாக்கோபு ஆலயத்தில் எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வு நாள் நவம்பர் 28. பாஹ் 23-ம் தேதியே கோத்தெனுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று, இளவரசர் அழைத்துவிட்டார். இருந்தாலும் ஆலயக் குழு அவரை விட்டுவிடவில்லை, கடிதத்துக்காகக் காத்திருந்தது. டிசம்பர் 19-ம் தேதி கடிதம் வாசிக்கப்பட்டது. அன்றே யோஹான் யோவாகிம் ஹைட்மான் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1721 ஜனவரி 6-ல் ஹைட்மான் ஆலயக் கணக்கில் 4,000 மார்க் கட்டினார்.

அந்த நாலாயிரம் ஒளிவுமறைவாகக் கொடுத்த லஞ்சம் அல்ல. பதவியை விற்பதில்லை, மனமுவந்து தருவதை வேண்டாம் என்பதுமில்லை என்கிற ரீதியில் நடந்த பகிரங்கமான ஏற்பாடு. ஆலயத்தின் தலைமைப் போதகர் எர்ட்மான் நாய்மைஸ்டருக்கு வயிறு எரிந்தது. பாஹ் சிலவற்றுக்கு இசை அமைத்த கன்டாட்டா வரிகளை எழுதியவர் அவர். கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில், பெத்லகேமில் பாடிய தேவதூதர்களில் ஒருவரே இறங்கிவந்து தெய்வீகமாக வாசித்தாலும், கையில் காசில்லை என்றால் வந்த வழியே பறந்து போக வேண்டியதுதான் என்று குத்திக் காட்டினாராம். இதை 1728-ல் அச்சில் ஏற்றியவர் ஹாம்பர்க் இசை எழுத்தாளர் மத்தேசோன். பாஹின் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கதை சுவையானது என்பதால் பல நூல்கள் பணத்தால்தான் பாஹ் தோற்றார் என்று முடித்துவிடுகின்றன. குழு அவர் கடிதத்துக்காகக் காத்திருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், பாஹே விலகிக்கொண்டார் என்று படிப்பதுதான் நியாயமாகத் தோன்றுகிறது. நாலாயிரம் மார்க் விலை தெரிந்தும் விலகியிருக்கலாம், அது வேறு.

பாஹ் குடும்பத்துக்கு ஹாம்பர்க் வேலை கிடைத்தது, 48 ஆண்டு தாமதமாக. 1768-ல் மகன் எமானுவேல் அந்நகரின் முதன்மை ஆலயங்களுக்கெல்லாம் இசை இயக்குநராக வந்து சேர்ந்தார். யாக்கோபு ஆலயமும் அதில் ஒன்று.

காத்தரீன் ஆலயத்து ஆர்கனைப் பாஹ் கடைசி வரை மறக்கவில்லை. அதன் 32 அடிக் குழல்கள் அடிமட்ட 'சி' வரை ஒரே சீராகப் பேசின என்று அவர் சொன்னதை மாணவர் அக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார். அந்த வாத்தியம் 1943 குண்டுவீச்சில் அழிந்தது. காப்பாற்றப்பட்ட சில நூறு குழல்களை உள்ளடக்கி, டச்சு நிறுவனமான ஃப்ளென்ட்ராப் அதை மறுபடி கட்டி 2013-ல் முடித்தது.

யாக்கோபு ஆலயத்து ஆர்கன் தப்பித்த விதம் இதைவிடச் சுற்றுவழியானது. 1917-ல் முதல் உலகப் போருக்கு உலோகம் தேவைப்பட்டபோது, முகப்பில் நின்ற வெள்ளீயக் குழல்களைக் கழற்றிக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். மூளியாக நின்ற அதை 1919-ல் வந்து பார்த்தவர் ஹான்ஸ் ஹென்னி யான். ஆசாரியும் அல்ல, ஆர்கன் கலைஞரும் அல்ல. நாடகமும் நாவலும் எழுதுபவர். போரில் சேர மறுத்து நண்பர் காட்லீப் ஹார்ம்ஸுடன் நார்வேக்கு ஓடிப்போய்த் திரும்பியவர். ஆர்கன் வித்தையைத் தானே கற்றுக்கொண்டார். இருவருமாக அந்தப் பழைய பெட்டிக்குள் தவழ்ந்து, தூசிக்கு அடியில் ஷ்னிட்கரின் குழல்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதைக் கண்டுகொண்டார்கள். பணம் திரட்டக் கச்சேரிகள் நடத்தினார்கள். 1922-ல் லைப்சிக் தோமா ஆலயத்தின் குந்தர் ராமின் வந்து வாசித்தார். மூன்று ஆண்டு கழித்து ஹாம்பர்க்கிலும் லூபெக்கிலும் ஆர்கன் நிபுணர்கள் மாநாடே கூடினார்கள். இசைக்குழு முழுவதையும் நகல் செய்யப் பார்த்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆர்கன்களை விட்டுப் பழைய வாத்தியங்களின் பக்கம் ஜெர்மனி திரும்பியதில் இந்த நாவலாசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய பணிக்குத் தொழில் தெரியாதவர் வேண்டும் போலிருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் அதே மாடத்தில் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருந்தார்கள்!

இரண்டாம் போரின்போது முன்யோசனையாகக் குழல்களையும் காற்றறைகளையும் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1944-ல் ஆலயம் தீப்பிடித்தது. மரக்கூடும் துருத்திகளும் சாம்பல். குழல்கள் பிழைத்தன. ஐம்பதுகளில் பக்கக்கூடத்தில் ஒண்டுக்குடித்தனம், பிறகு மேற்கு மாடத்துக்குத் திரும்பல், பிறகு போதாத ஒரு சீரமைப்பு. கடைசியில் யுர்கன் ஆரெண்ட் என்ற ஆசாரி எடுத்துப் பிரித்து, நேராக்கி, முகப்புக் குழல்களைப் புதிதாக வார்த்து 1993-ல் ஒப்படைத்தார், வாத்தியத்தின் முந்நூறாவது வயதில். ஷ்னிட்கரும் தன் காலத்தில் இதையேதான் செய்திருந்தார். பழைய ஆர்கனில் இருந்த நல்ல குழல்களை வீணாக்காமல் புதியதில் சேர்த்துக்கொண்டார். அவற்றில் சில அவர் பிறப்பதற்கு முன்பே வார்க்கப்பட்டவை.

ஆரெண்டுக்கு எழுந்த கடினமான கேள்வி மரமும் ஈயமும் சம்பந்தப்பட்டதல்ல, எப்படிச் சுருதி சேர்ப்பது என்பது.

தம்பூராவைச் சுத்தமாகச் சேர்த்தால் மந்தர ஷட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாக எழும். கூர்ந்து கேட்பவருக்கு அது தெரியும். இன்றைய பியானோவிலும் எலெக்ட்ரானிக் கீபோர்டிலும் உள்ள காந்தாரம் அதைவிடத் தூக்கலாக, கொஞ்சம் பதற்றமாக இருக்கும். பன்னிரண்டு ஸ்வரத்தையும் சம தூரத்தில் நிறுத்தியதற்குக் கொடுத்த விலை. பதினேழாம் நூற்றாண்டின் வட ஜெர்மனியில் அந்த விலையைக் கொடுக்கவில்லை. பஞ்சமங்களை ஒரு நூல் இறக்கி, காந்தாரங்களைத் தம்பூரா காந்தாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பழக்கமான சில ஆதார ஸ்வரங்களில் வாசித்தால் ஒலி தேன் மாதிரி நிற்கும். ஆனால் பன்னிரண்டு படி சுற்றி வரும்போது கணக்கு முட்டாது. மிச்சம் முழுவதும் ஒரே ஒரு பஞ்சமத்தின் தலையில் விழும். ஊளையிடுவதால் அதற்கு ஓநாய் என்று பெயர். வாசிப்பவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும்.

ரைன்கென் தலைமுறை அனேகமாகப் போகவில்லை. பாஹ் போனார். ஹாம்பர்க் பயணத்தோடு பலரும் சேர்த்துப் பேசுவது அவருடைய ஜி மைனர் ஃபேன்டசியும் ஃபியூகும். ஃபியூகின் பல்லவி ஒரு டச்சுப் பாட்டை ஒட்டியது. 1725-ல் ஹாம்பர்க்கில் ஓர் ஆர்கன் தேர்வுக்கு மத்தேசோன் அதே பல்லவியைக் கொடுத்திருக்கிறார். ஃபியூக் பழைய சுருதியிலும் ஒருவாறு ஓடிவிடும். ஃபேன்டசியோ ஓநாய்க் குகைக்குள் விளக்கே இல்லாமல் இறங்குகிறது. அது அந்த ஊளையையே உத்தேசித்து எழுதியதா, வேறொரு சுருதிக்கு எழுதியதா என்று ஆர்கன்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பூக்ஸ்டஹூடெயின் எஃப் ஷார்ப் மைனர் பிரலூடியத்தைப் பற்றியும் இதே சண்டை. ஆரெண்ட் நடுவழி ஒன்றைப் பிடித்தார். காந்தாரங்கள் முழுச் சுத்தம் இல்லை, ஆனால் பியானோவைவிட வெகு இனிமை. ஓநாய் இருக்கிறது, பல்லைக் கொஞ்சம் ராவியிருக்கிறார்.

எப்படிச் சேர்த்தாலும் தீராத தகராறு ஒன்று பாக்கி. கீபோர்டுகளின் அடி ஸ்தாயியில் சில இடை ஸ்வரங்களுக்குக் குழலே கிடையாது. பெரிய குழலுக்கு ஆகும் உலோகச் செலவு அதிகம், அந்த ஸ்வரங்களை அன்று யாரும் பெரிதாகக் கேட்கவும் இல்லை. பெடலின் அடியில் சி ஷார்ப் இல்லை. மேலே 'டி'யோடு கட்டைகள் முடிந்துவிடுகின்றன. பாஹின் எஃப் மேஜர் டொக்காட்டாவில் காலுக்கு மட்டும் வரும் புகழ்பெற்ற நீண்ட சஞ்சாரம் அதற்கும் மேலே 'எஃப்' வரை ஏறுகிறது. அவ்வளவு உயரப் பெடல் இருந்த வைசன்ஃபெல்ஸ் ஆர்கனை மனதில் வைத்து எழுதினார் என்பது பொதுவான எண்ணம். யாக்கோபு ஆலயத்தில் அதை எடுத்தால், கால் நீளுகிற இடத்தில் வெறும் மரச்சட்டம்தான் இருக்கிறது.

ஆக, இரண்டு கட்டைச் சுருதியும் பழகி, கட்டைவிரலும் மடங்கி, குதிகாலும் அடங்கிய பிறகு அந்த மாடத்தில் உட்காருபவர் எடுத்து வைப்பது பல நேரம் பாஹை அல்ல, மத்தியாஸ் வெக்மானை. 1655 முதல் 1674-ல் சாகும்வரை இதே ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவர் விரல் பட்ட கட்டைகள் போய்விட்டன. அவர் காலத்துக் குழல்களில், ஷ்னிட்கர் எறியாமல் வைத்துக்கொண்டவை இன்னும் பேசுகின்றன. வெக்மானின் தாளில் உள்ள ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு கட்டை இருக்கிறது.

(அடுத்த வாரம்: காட்ஃப்ரீட் சில்பர்மன் 1714-ல் ஃப்ரைபெர்க் பேராலயத்தில் கட்டிய ஆர்கன்)